பதிவு செய்த உயிலுக்கும் சாட்சி வேண்டும்

ஆசிரியருக்கு,

சென்னை மாநகரில் இந்துக்கள் எழுதும் உயிலுக்கும், அங்குள்ள அவர்களது அசையாச் சொத்து பற்றிய உயிலுக்கும் புரோபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயம் என்ற நிலைக்குக் காரணமாக இருந்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அதிலிருந்து, 'இனி உயிலைப் பதிவு செய்தாலே போதும்' என்ற பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. புரோபேட் வாங்கியே தீர வேண்டும் என்பதுதான் போயிருக்கிறது. ஒரு வாரிசு ஆட்சேபித்தால் உயிலை நிரூபித்தே ஆக வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. மதுரையில் எழுதி மதுரைச் சொத்தைப் பற்றி மட்டும் பேசும் உயிலுக்கு முன்பும் புரோபேட் கட்டாயமில்லை. அதனால் இங்கே உயில் வழக்குகள் குறைந்துவிடவில்லை.

உயிலைப் பதிவு செய்வது அவரவர் விருப்பம். முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். (சும்மா ஒரு கௌரவத்துக்காக முத்திரைத்தாள் வாங்கி, அதில் விற்பனையாளர் போட்ட தேதி உயிலின் தேதிக்குப் பிந்தியதாக இருந்து மாட்டிக்கொள்வதும் உண்டு.) பதிவான மற்ற பத்திரங்களுக்கு, எழுதிக்கொடுத்தவர் மறுக்காதவரை சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை என்று பழைய சாட்சியச் சட்டம் சலுகை தந்தது. அந்தச் சலுகையிலிருந்து உயிலை மட்டும் பெயர் சொல்லி விலக்கியிருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 67ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது.

சாட்சி எப்படிப் போட வேண்டும் என்பது வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. குறைந்தது இரண்டு பேர். உயில் எழுதுபவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு இருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் இருக்க வைப்பதே புத்திசாலித்தனம். காரணம், பெரும்பாலும் ஒரு சாட்சியைத்தான் விசாரிப்பார்கள். அவர் தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது; மற்றவரும் உயில்காரர் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 'அவர் எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியாது' என்று குறுக்கு விசாரணையில் சொல்லிவிட்டால், அந்த இரண்டாமவரையும் தேடிக் கொண்டுவர வேண்டும். அதற்குள் அவர் இறந்திருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். எழுபது வயது நண்பரைச் சாட்சியாகப் பிடிக்கும் எழுபது வயதுக்காரர்கள் இதை யோசிப்பதில்லை. சாட்சி உயில்காரரைவிட இளையவராக, சொத்தில் பங்கில்லாதவராக இருப்பது நல்லது. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ அவர் மனைவிக்கோ கணவருக்கோ எழுதிவைத்தது செல்லாமலே போகும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னொரு குழப்பம். அங்கே அடையாளம் காட்டக் கையெழுத்திடும் இருவரை உயிலின் சாட்சிகள் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் வந்தது 'இன்னார்தான் இவர்' என்று சொல்ல. அந்தக் கையெழுத்தை மட்டும் வைத்து அவர்களைச் சாட்சிகளாக்க முடியாது. உயிலை எழுதிய ஆவண எழுத்தரும், 'நல்ல மனநிலையில் உள்ளார்' என்று சான்று தரும் டாக்டரும் அப்படித்தான். அவர்களும் சாட்சியாக வேண்டுமென்றால் சாட்சி என்றே கையெழுத்திட வேண்டும்.

கடைசிப் பக்கத்தையும் கவனியுங்கள். வாசகம் மூன்றாம் பக்கத்தோடு முடிந்து, நான்காம் பக்கத்தில் கையெழுத்துகள் மட்டும் இருந்தால், அந்தத் தாளை எந்த உயிலோடும் சேர்த்துத் தைக்கலாம் என்ற வாதம் வரும். சொத்து விவரத்தின் சில வரிகளாவது கையெழுத்துப் பக்கத்துக்கு வரட்டும். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கட்டும். சர்வே எண்ணை அடித்துத் திருத்தினால், திருத்தத்துக்கு அருகில் உயில்காரரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அந்தத் திருத்தத்துக்கு மதிப்பில்லை.

சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1959 முதல் சொல்லி வருகிறது. உயிலின்படி பெருவாரியான சொத்தைப் பெறும் மகனே ஆவண எழுத்தரை அழைத்துவந்து, சாட்சிகளையும் ஏற்பாடு செய்தால், பதிவு முத்திரை அந்தச் சந்தேகத்தைத் துடைக்காது. மனைவியையோ மகளையோ விலக்குவதாக இருந்தால், ஏன் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பதிவே வீண் என்று சொல்லவில்லை. காணாமல் போனாலும் நகல் கிடைக்கும். தேதியை மாற்ற முடியாது. 'பிள்ளைகள் நகல் எடுத்துப் பார்த்துவிடுவார்களோ' என்ற பயமும் வேண்டாம். உயில்கள் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகம் என்ற பதிவேட்டில் தனியாகப் பதிவாகின்றன. உயில்காரர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் தருவார்கள். அதுவும் வேண்டாம் என்றால், உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது.

– உரிமையியல் வழக்கறிஞர், மதுரை