பன்னெண்டும் ஒரே மாதிரி வராது ஆத்தா

ஆத்தா, நல்லாருக்கியா, மாப்பிள்ளை எப்படி இருக்காரு, சின்னவனுக்கு இருமல் விட்ருச்சா. நேத்து வீடியோ கால்ல நீ கேட்டதுக்கு அப்பா சரியா பதில் சொல்லல, உங்கம்மா குறுக்க வந்து போனை வாங்கிட்டா, அதான் காலைலயே திண்ணைல உக்காந்து டைப் பண்றேன். நிறைய எழுதுவேன், வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல வரும்போது படி.

புது வீட்டு கிச்சன்ல அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல ஒட்ட ஆல்கஹால் இங்க் டைல் பன்னெண்டு வேணும், எல்லாம் நீலமும் தங்கமும் கலந்து ஒரே மாதிரி இருக்கணும்னு கேட்ட. ரெண்டுமே முடியாது ஆத்தா. அடுப்புப் பக்கம் அது ஆகாது, ஒரே மாதிரி வரவும் வராது. கோவிச்சுக்காத, முழுசா படிச்சுட்டு சொல்லு.

34 வருஷம் டைல் ஒட்டுனவன் நான். ஒரு வீட்டுக்கு சரக்கு வந்து இறங்குனா பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி பெட்டி மேல இருக்க ஷேடு நம்பரைத்தான் பாப்பேன், எல்லாப் பெட்டிலயும் ஒரே நம்பர் இருக்கணும், டிசைன் ஒண்ணா இருந்தாலும் வேற லாட்ல சுட்டதுன்னா நிறம் ஒரு பொட்டு மாறும், கைல வச்சுப் பாத்தா தெரியாது, ஒட்டி முடிச்சு லைட்டைப் போட்டா ஹால் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். அதுக்காகவே ஒரு பெட்டி மாறி வந்தாலும் லாரியோட திருப்பி விட்ருவேன். அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இந்த இங்க் வேலைக்கு உக்காந்தா எப்படி இருக்கும், மொத ஒரு மாசம் மனசே ஒட்டல.

முட்டி ஆபரேஷனுக்கு அப்பறம் பொழுது போகட்டும்னு நீ பொங்கலுக்கு வந்தப்ப அந்த இங்க் செட்டை வாங்கி வச்சுட்டுப் போன. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச கலர் வேலைன்னா ஆத்தங்குடிக் கல்லுதான். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அங்க ஒரு பட்டறைல நின்னேன்ல, கண்ணாடியை அடில போட்டு, அது மேல இரும்பு அச்சை வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்டைக் கரண்டியால ஊத்துவோம், அச்சைத் தூக்கிட்டு மேல காஞ்ச சிமெண்டு மணலைத் தூவி அப்பறம் ஈரக் கலவையைப் போட்டு அமுக்குவோம். சூளையே கிடையாது, தண்ணித் தொட்டில கிடந்துதான் இறுகும், பளபளப்பு கண்ணாடில இருந்து வரும். அதுல நிறம் அச்சு போட்ட வேலியைத் தாண்டாது, நூறு கல்லு போட்டாலும் பூ அதே இடத்துலதான் நிக்கும். நம்ம செட்டிநாட்டு வீடுங்கள்ல தாத்தா காலத்துத் தரை இன்னமும் தேங்காண்ணெய் போட்டுத் தொடச்சா கண்ணாடி மாதிரி இருக்கே, அது ஆக்சைடு நிறம், மண்ணுல இருந்து வந்தது, வெயிலு அதை ஒண்ணும் பண்ணாது.

இந்த இங்க்ல அச்சும் இல்ல வேலியும் இல்ல. சாயத்தை ஆல்கஹால்ல கரைச்சு வச்சிருக்கான், அவ்வளவுதான். பளபளன்னு கிளேஸ் போட்ட வெள்ளை டைல் மேல ரெண்டு சொட்டு விட்டா உள்ள இறங்க வழியில்லாம மேலாக்க ஓடுது, ஓடிக்கிட்டே காயுது. மேட் ஃபினிஷ் டைல்ல அப்படி ஓடாது, தேங்கி நின்னுக்கும். ஷெட்டுல 12க்கு 18 இன்ச் வால் டைல் ஒரு பெட்டி மிச்சம் கிடந்துச்சு, கட்டர் வச்சு ஒண்ணை ஆறா அறுத்தேன், கச்சிதமா ஆறு இன்ச் சதுரம் ஆறு வந்துச்சு. ஓரம் கத்தி மாதிரி இருக்கும், காரக்கல்லு வச்சுத் தேச்சு மழுக்கிட்டேன், சின்னவன் தொடுவான்ல.

அப்பறம் சோப்பு போட்டுக் கழுவித் துணியால ஒத்தி, ஐபிஏ நனைச்ச பஞ்சால ஒரு தடவை தொடைக்கணும், அதுக்கப்பறம் மேல விரல் படக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்துல இங்க் ஒதுங்கி ஓடும். ஐபிஏன்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மொபைல் ரிப்பேர் பண்றவங்க போர்டு தொடைக்க வாங்குவாங்க, அந்த சாமான் விக்கிற கடைல 99 சதவீதம்னு போட்ட பாட்டில் கிடைச்சுச்சு. 70 சதவீதமும் இருக்கு, அதுல தண்ணி கூட, காயிறதுக்கு நேரமாகி நிறம் திட்டுத்திட்டா நிக்குது, எனக்குப் பிடிக்கல.

டைலுக்கு அடில நாலு மூலைக்கும் ஸ்பேசரை, அதான் டைலுக்கு டைல் இடைவெளிக்கு வைக்கிற துண்டை, வச்சுத் தூக்கி, மேல ரசமட்டம் வச்சுப் பாத்துக்குவேன், ஒரு பக்கம் துளி சாஞ்சிருந்தாலும் எல்லாம் அங்க ஓடிரும். நீலம் மூணு சொட்டு, தங்கம் ஒரு சொட்டு, அதைச் சுத்தி ஐபிஏ அஞ்சாறு சொட்டு. தங்க பாட்டிலை மட்டும் ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்கணும், தூளு அடில படிஞ்சிரும். அப்பறம் காத்து விட்டுத் தள்ளணும். மொத ஸ்ட்ராவை வாயில வச்சு ஊதுனேன், பத்து நிமிஷத்துல தலை கிறுகிறுன்னு வந்துருச்சு, குனிஞ்சு அந்த ஆவியைத்தானே இழுத்துக்கிட்டு இருந்துருக்கேன். இப்ப அதே மொபைல் சாமான் கடைல தூசி ஊத ரப்பர் பல்பு ஒண்ணு வாங்கிட்டேன், அதை அமுக்குனா போதும், மூஞ்சி தள்ளியே இருக்கும். ஃபேனைப் போட்டா ஓடறதுக்கு முன்னாடியே காஞ்சிருது, அதனால ஜன்னல் ரெண்டையும் திறந்து வச்சுக்குவேன்.

காயிற அந்த நேரத்துலதான் ஆத்தா எல்லாம் நடக்குது, நீலம் ஓடி வந்து ஓரத்துல கரை கட்டும் பாரு, கம்மாய்ல தண்ணி வத்தும்போது வண்டல் கோடு கோடா நிக்குமே அதே மாதிரி, அந்தக் கோட்டுலயே தங்கத் தூளு வந்து ஒதுங்கும். அது மேல ஒரு சொட்டு ஐபிஏ விட்டா நடுவுல வெள்ளையா பூ விரியும். மூணு நிறத்துக்கு மேல போகக்கூடாது, பச்சை ஈரமா இருக்கும்போது சிவப்பைச் சேத்தா சேறு மாதிரி ஆயிரும்.

இப்ப நீ கேட்ட ஒரே மாதிரிக்கு வர்றேன். நீ போன மாசமே ஒரு தடவை சொன்னல்ல, அப்பவே ஆரம்பிச்சுட்டேன், உங்கிட்ட சொல்லல. சொட்டை எண்ணி, இடத்தை அளந்து, பல்பை எத்தனை தடவை அமுக்குறோம்னு நோட்டுல எழுதி வச்சு, 40 டைல் போட்டேன் ஆத்தா. ஒண்ணுக்கொண்ணு சேரல. காலைல போட்டது சாவகாசமா விரியுது, மத்தியானம் போட்டது சூட்டுக்குப் பாதிலயே காஞ்சு சின்னதா நின்னுருது, மழைக்காத்து அடிச்ச அன்னிக்கு வந்தது தனி ரகமா இருக்கு. ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன்னா ஒரு காரணம் இருக்கு.

நீ ஆறாப்பு படிக்கையில உன் கூட்டாளி ஒருத்தி வீட்டுக்கு வந்தா, ஞாபகம் இருக்கா. ஏன்டி உங்க வீட்டுத் தரை இங்க பச்சை அங்க பிஸ்கட்டு கலரு வாசல்ல ரோஸுன்னு இருக்குன்னு கேட்டுட்டுப் போயிட்டா, நீ அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. ஊரெல்லாம் டைல் போடுறாரு நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்ப்பா மிச்சம்னு கேட்ட. ஒவ்வொரு வீட்லயும் மிஞ்சுனதைக் கேட்டு வாங்கியாந்து கொஞ்சம் கொஞ்சமா பதிச்ச தரை அது, அப்ப எங்கிட்ட ஒரு லாட்டா வாங்கிப் போட காசில்ல. உனக்குப் பதில் சொல்லாம எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அது எம் மனசுல கிடந்துக்கிட்டேதான் இருக்கு. அதனால உன் வீட்டுக்குன்னு நீயா கேட்டு, ஒரே மாதிரி வேணும்ப்பான்னு சொன்னப்ப, எப்படியாவது குடுத்துரணும்னுதான் அந்த 40ம் போட்டேன்.

அடுப்புக்குப் பின்னாடி ஏன் ஆகாதுன்னா, இந்த நிறம் காஞ்சாலும் கல்லோட ஒண்ணாகறதில்ல, மேலாக்கதான் படிஞ்சிருக்கு. ஆறு மாசம் கழிச்சு ஒரு சொட்டு ஐபிஏ பட்டாலும் மறுபடி கரைஞ்சு ஓடும், சானிடைசர் கையோட தொட்டாலே விரல்ல நீலம் வந்துரும். அதுக்குத்தான் மேல சீல் பண்றது. மொத தடவை ஹார்டுவேர் கடைல வாங்குன வார்னிஷைப் பிரஷ்ல அடிச்சேன், மூணு டைல் என் கண்ணு முன்னாடியே இழுபட்டு வீணாப் போச்சு, அதுல உங்கம்மாவுக்குப் பிடிச்ச மயில்கழுத்துக் கலரும் ஒண்ணு. இப்ப நல்லா காய விட்டு, ஸ்ப்ரே வார்னிஷைத் தள்ளி நின்னு லேசா மூணு கோட்டிங் அடிச்சு, அதுக்கு மேலதான் கண்ணாடி மாதிரி இறுகுற ரெசின் ஊத்துறேன். ரெசினும் ஹார்டனரும் பாட்டில்ல போட்ட அளவுப்படி கலக்கி, ஊத்தி, தூசி விழாம அட்டைப் பெட்டியைக் கவுத்து ஒரு நாள் வச்சிரணும். அப்படிப் பண்ணதுலயே சுடச்சுட காபி டம்ளரை வச்சேன், வட்டமா தடம் விழுந்துருச்சு. ஒரு டம்ளர் சூட்டுக்கே இப்படின்னா தினம் தாளிக்கிற சூடும் எண்ணெய்ப் பிசுக்கும், அதைத் தேச்சுக் கழுவுற லிக்விடும் என்ன பண்ணும்னு யோசி. அங்க கடைல நல்ல கிளேஸ்டு டைலா வாங்கி ஒட்டச் சொல்லு, பெட்டிக்குப் பெட்டி ஷேடு நம்பரைப் பாத்து வாங்கு.

வெயிலும் ஆகாது. ஒரு டைல்ல பாதியை அட்டையால மூடி, மேக்கால கைப்பிடிச் சுவத்து மேல ரெண்டு மாசம் வச்சேன், அட்டையை எடுத்தா ரோஸு இருந்த இடம் வெளுத்துப் போயிருக்கு, நீலம் கொஞ்சம் தாங்கிருக்கு. சாயம்ல, சேலையை வெயில்லயே போட்டா என்ன ஆகுமோ அதுதான்.

சின்னவன் நானும் பண்றேன் தாத்தான்னு குதிச்சான், பண்ணட்டும், ஆனா இங்க் பாட்டிலைக் குடுக்காத. பர்மனன்ட் மார்க்கர் நாலு கலர் வாங்கிக் குடு, அதுவும் ஆல்கஹால் இங்க்தான். வெள்ளை டைல்ல அவன் இஷ்டத்துக்குப் பொட்டு பொட்டா வச்சுக் கிறுக்கட்டும், நீ பக்கத்துல உக்காந்து பட்ஸ்ல ஐபிஏ தொட்டு ஒவ்வொரு சொட்டா விடு, எல்லாம் விரிஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும், அவன் கத்துவான் பாரு. ஜன்னலைத் திறந்து வச்சுக்க. அடுப்பு எரியக்கூடாது, விளக்கு எரியக்கூடாது, இதை ரொம்ப கண்டிப்பா சொல்றேன். ஐபிஏ 12 டிகிரிலயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுற சரக்கு, நம்ம ஊரு, உங்க ஊரு சூட்டுக்கு எப்பவுமே அபாயம்தான், அந்த ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து அடுத்த ரூம் வரைக்கும் போகும். உங்கம்மா விளக்கேத்துற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பாட்டிலை மூடி ஷெட்டுல வச்சிருவேன். வீடியோல சில பேரு டைல் மேல ஐபிஏ ஊத்திப் பத்த வச்சு டிசைன் எடுக்குறாங்க, பாக்க அழகா இருக்கும், நீ அதைத் தொடவே தொடாத. எரியற நெருப்பு வெளிச்சத்துல சரியா கண்ணுக்கே தெரியாது, அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு மறுபடி ஊத்துனா பாட்டிலோட பத்திக்கும்.

சரி, என்ன குடுக்கப் போறேன்னா, அந்த 40ல இருந்து ஒன்பது. நான் எடுக்கல, உங்கம்மா எடுத்தா. எல்லாத்தையும் திண்ணைல பரப்பி வச்சுட்டு ஒரு சாயங்காலம் முழுக்க மாத்தி மாத்தி அடுக்குனா, ஒரு கல்லு ஓரத்துல நீலம் எங்க முடியுதோ அங்கயே அடுத்த கல்லுல நீலம் தொடங்குற மாதிரி பிடிச்சுட்டா. ஒன்பதும் ஒன்பது மாதிரிதான், சேத்து வச்சா ஒரே தண்ணி ஓடுற மாதிரி இருக்கு. நான் பக்கத்துல நின்னு ஜாயிண்ட்டை மட்டும் நேர் பண்ணேன்.

பின்னாடி பென்சில்ல 1ல இருந்து 9 வரைக்கும் நம்பர் போட்டு, மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறியும் போட்டிருக்கேன். மேல வரிசைல இடமிருந்து வலமா 1, 2, 3, அப்படியே கீழ வா. பத்தொன்பது இன்ச் சதுரமா பிளைவுட் வாங்கி, டைலுக்குப் பின்னாடி நாலு மூலைலயும் நடுவுலயும் சிலிகோன் பசை வச்சு ஒட்டு, டைலுக்கு டைல் ரெண்டு எம்எம் ஸ்பேசர் விடு, அது பொட்டலத்துலயே இருக்கு. ஒரு டைல் 350 கிராம் சொச்சம் வரும், பிளைவுட்டோட சேத்தா அஞ்சு கிலோ கிட்ட ஆயிரும், மாப்பிள்ளைகிட்ட சொல்லி சுவத்துல ஆங்கர் போட்டு மாட்டச் சொல்லு, ஸ்டிக்கர் கொக்கில தொங்க விடாதீங்க. டைனிங் டேபிள் பக்கத்துச் சுவரை வீடியோல காட்டுனல்ல, ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கே, அங்க மாட்டு.

கோடித் தெருப் பையன் 18ஆம் தேதி திருச்சில இருந்து ஏறுறான், அவன் கைல குடுத்து விடுறேன். இங்க்கும் ஸ்ப்ரேயும் குடுக்க முடியாது, பத்திக்கிற சரக்கு, ஏர்போர்ட்ல விடமாட்டாங்க, அங்கயே வாங்கிக்க. டைலைப் படுக்க வைக்காம நிக்க வச்சுக் கட்டியிருக்கேன், நடுவுல உங்கம்மா பழைய சுங்குடிச் சேலையைக் கிழிச்சு வச்சிருக்கா, அதைத் தூக்கிப் போட்ராத.

பிரிச்சதும் ஒவ்வொண்ணையும் ஒரு ஓரத்துல விரலால பிடிச்சுத் தொங்கவிட்டு, பின்பக்கம் காசால ஒரு தட்டு தட்டு. கணீர்னு கேட்டா நல்லா வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். பொத்துன்னு கேட்டா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துருக்கும், அந்த நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. அதே மாதிரி வராது, ஆனா அந்த இடத்துக்குச் சேர்ற மாதிரி ஒண்ணு போட்டு அனுப்புறேன்.

அப்பா