தூண்டில் போடும் கொக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே ஜப்பானில், குமாமோட்டோவில் மழைக்காலம் முடிந்து வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரத்துக்கு மரம் சிள்வண்டுச் சத்தம். வேலை எப்போதும்போலத்தான். அதை விடுங்கள், தூண்டிலும் கையுமாகத் திரிகிற உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அறைக்குப் பக்கத்தில் சுய்செஞ்சி என்று ஒரு தோட்டம். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட ஹொசோகாவா குடும்பத்தார் அமைத்தது. அசோ மலைப்பக்கம் பெய்யும் மழை நிலத்தடியில் ஊறி வந்து இங்கே ஊற்றாகக் கிளம்புகிறது. குளத்தின் அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரியும். 2016 நிலநடுக்கத்தில் தண்ணீர் வற்றி, அப்புறம் திரும்பி வந்ததாம்.

அங்கே கரைப்பாறையில் ஒரு கொக்கு. மடையான் அளவுதான். தலையில் கருங்கொண்டை, மஞ்சள் கண், சாம்பல் கலந்த பச்சை முதுகு. இதே இனம் நம் கழிமுகங்களிலும் உண்டு, ஆனால் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு ஈயைப் பிடித்தது, விழுங்கவில்லை. அலகு நுனியால் அதைத் தண்ணீர்மேல் மெல்ல வைத்துவிட்டுக் குந்திக்கொண்டது. காற்றில் ஈ நகர்ந்ததும் எட்டி எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டது. பொடி மீன் ஒன்று மேலே வந்ததுதான் தாமதம், கழுத்து நீண்டதே தெரியவில்லை, மீன் அலகில் துடித்தது. அவ்வளவு நீளக் கழுத்தை எங்கேதான் மடித்து வைத்திருந்ததோ!

பக்கத்தில் கேமராவோடு நின்ற பெரியவர் தோளைத் தொட்டு வேறொன்றைக் காட்டினார். பழுப்பில் கோடு கோடாக, இந்த வருஷக் குஞ்சு. அதுவும் ஒரு குச்சியைத் தூக்கி வந்து தொப்பென்று போட்டது. போட்டுவிட்டு, பதுங்காமல் நெட்டையாக நின்று எட்டிப் பார்த்தது. எந்த மீன் வரும்? அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழிக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது.

ஹிகுச்சி ஹிரோயோஷி என்ற பறவையியலாளர் 1980களிலேயே குமாமோட்டோவில் இந்தக் கொக்குகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பூச்சி, ரொட்டித் துண்டு மட்டுமல்ல, இலை, இறகு, சுள்ளி எல்லாம் போடுமாம். தின்ன உதவாத இறகுக்கும் மீன் ஏமாறுகிறது! நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், மண்புழுவைத் தவிர வேறெதையும் நம்பாத ஆள் ஆயிற்றே. வீடியோவைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்