மெரினா நடைப்பயிற்சியாளர் சங்கம்: 2022–23ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், இவ்வாண்டு நம்மை மிகவும் ஈடுபடுத்திய ஒன்றைப் பற்றியே, அதாவது நடைபாதைக்கும் அலைக்கும் இடையே கிடக்கும் மணலைப் பற்றியே, விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வளவு அகன்ற மணற்பரப்பு இங்கே தொன்றுதொட்டு இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகக் கடல் அடித்துச் செல்லும் மணல் அங்கே தடைபட்டு, தென்புறத்தில் சேர்ந்துகொண்டே வந்தது; வடக்கே ராயபுரம் பக்கத்துக் கரையோ மணல் வரத்தின்றி அரிக்கப்பட்டது. நமக்கு வாய்த்த இடம் அம்மக்கள் இழந்ததோடு சேர்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலாற நடப்பதற்கென்று அமைத்த உலாச்சாலையில் 1959இல் உழைப்பாளர் சிலையும், 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழ்ச் சான்றோர் சிலைகளும், மறு ஆண்டில் அண்ணா சமாதியும், 1977இல் இன்றைய கலங்கரை விளக்கமும் வந்தன. 2004 டிசம்பர் 26 அன்று நம்மைப் போலக் காலையில் நடக்க வந்தவர்களும் சுனாமிக்குப் பலியானார்கள்.

சாலையோரம் இத்தனை மாறியும், முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் கடல் எட்டாத தொலைவிலேயே இருந்தது. 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே திறக்கப்பட்ட 263 மீட்டர் மரப்பாதை அக்குறையைத் தீர்த்தது. நம் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர், நடைபாதைத் திண்டோடு பல ஆண்டுகளாக நின்றுவிட்டவர், அதன் கடைசிப் பலகையருகே நாற்காலியை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகன் வாளியில் மொண்டு வந்த கடல்நீரில் கால் நனைத்ததை அன்று உடனிருந்தோர் எவரும் மறக்கமாட்டோம். இருவாரங்களுக்குள் மாண்டஸ் புயலின் அலைகள் பாதையின் கடல்பக்க முனையைப் பெயர்த்தன. அது பின்னர் சீரமைக்கப்பட்டது.

காற்று வீசும் நாட்களில் பலகைகள் மேல் மணல் மேவிச் சக்கரங்கள் புதைகின்றன. நாள்தோறும் மணலைப் பெருக்கவும், பாதியில் இளைப்பாற நிழலிருக்கை அமைக்கவும் வேண்டி உரிய அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. ஆகவே, வரும் மாதம் நேரில் சென்று மீண்டும் மனு அளிப்பதென்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. உடன்வர இயன்ற உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

செயலாளர்