முதுகில் இருந்த நீலம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சரசு,

நீ ராத்திரி அனுப்பியதைப் படித்தேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அக்கா மகன், நம் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. பட்டர்வொர்த் வாடகை அறையில் தனியாகக் கிடந்தான் என்பதை ஏற்க மனசு வரவில்லை.

"முதுகெல்லாம் நீலம், அடித்துத்தான் கொன்றிருக்கிறார்கள்" என்று அக்கா கதறுவதும், "இன்னும் கத்தி வேறு வைக்கணுமா" என்று அத்தான் போஸ்ட்மார்ட்டத்தை மறுப்பதும் புரிகிறது. ஆனால் பிணவறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், மறுக்க வேண்டாம்.

அந்த நீலம் அடியாகத்தான் இருக்கணும் என்றில்லை. உயிர் போனதும் ரத்தம் உடம்பின் அடிப்பக்கம் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகு நீலம் பாரிக்கும். தரையில் அழுந்திய தோள்பட்டை மட்டும் வெளுத்திருக்கும். பல மணி நேரம் போனால் அது அப்படியே நிலைத்துவிடும். மல்லாந்து கிடப்பவனுக்கு நெஞ்சில் நீலம் நிலைத்திருந்தால், யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் டாக்டர் அந்த இடத்தைக் கீறிப் பார்ப்பார். தேங்கின ரத்தம் தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போகும். அடிபட்ட ரத்தம் சதையில் ஊறியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியவள் நான், சரசு.

குகன் ஞாபகமிருக்கிறதா? 2009 ஜனவரியில், சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தவர். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பரிசோதனை. குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மறுபடி பார்த்தபோதுதான், அடிபட்டுத் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்தது தெரிந்தது. முதல் அறிக்கையை நம்பி எரித்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அத்தானிடம் சொல், முகத்துக்கு ஒன்றும் ஆகாது. தலைத் தையல் முடிக்குள் மறைந்துவிடும், நெஞ்சுத் தையல் சட்டைக்குள். குளிப்பாட்டி வேட்டி கட்டினால் தூங்குகிற மாதிரிதான் இருப்பான்.

ரத்தமும் வயிற்றில் இருந்ததும் இரசாயன இலாகாவுக்குப் போனால், முடிவு வர வாரக்கணக்காகலாம். அதுவரை போலீஸ் 'திடீர் மரணம்' என்று எழுதியிருந்தால், கேஸை மூடிவிட்டார்கள் என்று அக்கா நினைக்க வேண்டாம்.

நாளைக்கு இடிஎஸ் ரயிலில் வருகிறேன். டாக்டரிடம் அக்காவோடு நானும் உட்கார்ந்து கேட்கிறேன். அதுவரை அறையில் இருக்கும் மாத்திரை, பாட்டில், துணி எதையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள். பாயைக்கூட மடிக்க விடாதே.

உன்,
மாரி