ஒமாஹாவின் ஒற்றை ஓட்டு

ஒமாஹா, நெப்ராஸ்கா
17 நவம்பர் 2024

மாப்ளே,

உன் மெயில் வந்து ஒரு வாரமாகிறது. துளசேந்திரபுரம் கோயிலில் அபிஷேகம் பார்க்க நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனதையும், அங்கே சாமி கும்பிட வந்தவர்களைவிடக் கேமராவோடு வந்தவர்கள் அதிகம் என்று எழுதியிருந்ததையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். கமலா ஹாரிஸின் தாத்தா பிறந்த ஊர் என்பதற்காக இத்தனை அமர்க்களமா என்று என் மகள் கேட்டாள். மன்னார்குடிப் பக்கம் அதுவே அதிகபட்சக் காரணம் என்றேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே: "உங்க மாநிலத்துல டிரம்ப் ஜெயிச்சார்ங்கறான், உங்க ஊர்ல கமலா ஜெயிச்சாங்கறான். டிவிக்காரன் குடிச்சிட்டுப் பேசறானா?" இல்லை மாப்ளே, ரெண்டும் நிஜம். இதற்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒரு டீயைப் போட்டுக்கொண்டு படி.

அமெரிக்க அதிபரை நேராக ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மாநிலத்துக்கு இத்தனை எலெக்டோரல் ஓட்டு என்று ஒரு கணக்கு. மொத்தம் 538, அதில் 270 வாங்கியவர் அதிபர். 48 மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் மொத்த மூட்டையும் அவருக்கே. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டில் மட்டும் வேறு வழக்கம். மெய்னில் 1972 தேர்தலிலிருந்து, இங்கே 1992 தேர்தலிலிருந்து. எங்களுக்கு ஐந்து ஓட்டு. மாநிலம் முழுக்க ஜெயித்தவருக்கு இரண்டு, மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் யார் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத் தலா ஒன்று. மாநிலம் முழுக்கச் சோளமும் மாடும் குடியரசுக் கட்சியும். ஒமாஹா இருக்கும் இரண்டாவது தொகுதி மட்டும் யார் பக்கமும் சாயும். 2008இல் ஒபாமா, 2020இல் பைடன், இப்போது கமலா. நடுவில் 2012இலும் 2016இலும் குடியரசுக் கட்சி. இங்கே டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு நிறம் சிவப்பு, கமலாவின் ஜனநாயகக் கட்சிக்கு நீலம். ஆக, சிவப்பு வரைபடத்தில் ஒரு நீலப் பொட்டு.

அந்தப் பொட்டுதான் இந்த வருஷம் எங்கள் தெருவில் முளைத்தது. ஆகஸ்டில் யாரோ வெள்ளை அட்டையில் நீல பெயின்ட்டால் ஒரு வட்டம் மட்டும் அடித்து வாசலில் நட்டார்கள். பெயர் கிடையாது, கட்சி கிடையாது, வாசகம் கிடையாது. செப்டம்பருக்குள் ஊரெல்லாம் அதுவே. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா, மாநில வரைபடத்தையே முழுச் சிவப்பாக அடித்த அட்டை வந்தது. எங்களுக்கு இடப்பக்கத்து வீட்டில் நீலம், வலப்பக்கத்து வீட்டில் சிவப்பு. நான் நடுவில் செவந்தியை வளர்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு வம்பு என்று மஞ்சள் செவந்தி.

எனக்கு அந்த அட்டைகளைப் பார்த்தபோதெல்லாம் 1989 ஜனவரிதான் ஞாபகம் வந்தது. இரட்டை இலையை முடக்கிவிட்டார்கள். ஜானகி அணிக்குப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ரைஸ் மில் சுவரில் சுண்ணாம்பு அடித்து ராத்திரி பரோட்டாவுக்காக நாம் சேவல் வரைந்தோமே, விடிந்து பார்த்தால் அது காக்காயாக இருந்ததே! சின்னம் போனால் கட்சி எப்படித் தடுமாறும் என்று அன்று பார்த்தவன் நான். அதனால்தான் இங்கே நடந்த இன்னொரு விஷயம் எனக்கு இத்தனை ருசிக்கிறது.

இந்த ஒரு ஓட்டுக்கு ஏன் அத்தனை அடிதடி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கமலா பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் பிடித்து, இழுபறி மாநிலங்களில் மீதியை எல்லாம் விட்டிருந்தால், அவர் கணக்கு 269இல் நிற்கும். ஒமாஹாவின் ஒன்றைச் சேர்த்தால் மிகச் சரியாக 270. சேர்க்காவிட்டால் 269க்கு 269. அப்போது முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. நாலு கோடிப் பேர் இருக்கிற கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஆறு லட்சம் பேர் இருக்கிற வயோமிங்குக்கும் ஒன்று. அந்தக் கணக்கில் குடியரசுக் கட்சியின் கை ஓங்கும். ஆக, நெப்ராஸ்காவும் மற்ற மாநிலங்களைப் போல மொத்த மூட்டையாகக் கொடுக்கட்டும் என்று சட்டத்தை மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது.

ஏப்ரலிலேயே முயன்றார்கள். கவர்னர் ஜிம் பில்லன் சரி என்றார், டிரம்ப் ஆதரித்தார், சட்டமன்றத்தில் ஏறவில்லை. அப்போது மெய்ன் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்கள், "நீங்கள் மாற்றினால் நாங்களும் மாற்றுவோம்" என்று எச்சரித்தார்கள். அங்கே கிராமப்புறத் தொகுதி ஒன்று டிரம்ப் பக்கம், அந்த ஓட்டும் போய்விடும், சரிக்குச் சரி. ஆனால் மெய்னில் சாதாரணச் சட்டம் ஒன்று அமலுக்கு வரக் கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் ஆக வேண்டும். காலண்டரைப் பார்த்தாயா? செப்டம்பரில் தட்டினால் மெய்ன் திருப்பித் தட்ட முடியாது. செப்டம்பர் 18ஆம் தேதி, தென் கரோலினா செனட்டர் லிண்ட்சே கிரஹாம் விமானம் ஏறி இங்கே வந்து இறங்கினார். கவர்னர் மாளிகையில் மாநில சட்டமன்ற உறுப்பினர்களை உட்கார வைத்துப் பேசினார். டெல்லியிலிருந்து மேலிடப் பார்வையாளர் வருவார் பார், அதே காட்சி. காபி மட்டும் ஃபில்டர் காபி இல்லை.

இங்கேதான் நெப்ராஸ்காவின் கிறுக்கு வேலை செய்தது. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஒரே அவை கொண்ட சட்டமன்றம் எங்களுடையது மட்டும்தான். 49 உறுப்பினர்கள், அவர்களை செனட்டர் என்றே கூப்பிடுவோம். அவர்கள் நிற்கிற தேர்தலில் ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயரே அச்சிட மாட்டார்கள். வெறும் பெயர்தான். கட்சித் தலைவர் என்று அவையில் பதவி கிடையாது, கொறடா கிடையாது. குழுத் தலைவர்களை ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜார்ஜ் நாரிஸ் என்றொரு மனுஷன், வாஷிங்டனில் குடியரசுக் கட்சி செனட்டராக இருந்தவர், 1934இல் இதற்காக ஊர் ஊராகக் காரில் சுற்றினார். இரண்டு அவை இருந்தால், கடைசியில் நாலு பேர் மூடிய அறையில் உட்கார்ந்து சட்டத்தை முடிவு செய்கிறார்கள், ஜனங்களுக்கு யார் கெடுத்தார் என்றே தெரிவதில்லை என்பது அவர் வாதம். ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். 1937இல் முதல் கூட்டம். இரண்டு அவையிலும் சேர்த்து 133 பேர் இருந்த இடத்தில் 43 பேர் உட்கார்ந்தார்கள், பிறகு அது 49 ஆனது. சம்பளம் இன்றைக்கும் வருஷத்துக்கு 12,000 டாலர். மாப்ளே, இங்கே ஒரு வீட்டு வாடகைக்கே காணாது. அதனால் எல்லோருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

சின்னம் இல்லையென்றாலும் யார் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மசோதாவைப் பேசிப் பேசியே இழுத்தடித்துக் கொல்லலாம். அதை நிறுத்த 33 ஓட்டு வேண்டும். குடியரசுக் கட்சிக்கு 32 பேர் இருந்தார்கள். ஏப்ரலில் மைக் மெக்டானல் என்கிற ஜனநாயகக் கட்சிக்காரர் இந்தப் பக்கம் தாவியதும் 33. சரியாக 33! ஒருவர் பிசகினாலும் போச்சு.

இந்த மெக்டானலைப் பற்றித்தான் நான் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒமாஹா தீயணைப்புப் படையில் வேலை பார்த்து அதன் தலைமை அதிகாரியானவர். ஊரிலுள்ள தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். கருக்கலைப்பு விஷயத்தில் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டதால் மாநில ஜனநாயகக் கட்சி அவருக்குக் கண்டனத் தீர்மானம் போட்டது. அவர் கட்சி மாறினார். நம் ஊராக இருந்தால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாய்ந்து பதவி போயிருக்கும். இங்கே நாற்காலி கூட மாறவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தவர், புதுக் கட்சிக்கு விசுவாசம் காட்ட முதல் சந்தர்ப்பம் வாசல் தேடி வந்தபோது என்ன செய்தார்? செப்டம்பர் 23ஆம் தேதி, தேர்தலுக்கு 43 நாள் இருக்கும்போது விதியை மாற்றுவது சரியில்லை என்று அறிக்கை விட்டுவிட்டார். வேண்டுமானால் அடுத்த வருஷம் மக்கள் ஓட்டுக்கு விடுங்கள் என்றார். மறுநாள் கவர்னர் சிறப்புக் கூட்டம் கிடையாது என்று கையை விரித்தார். டிரம்ப் சமூக வலைத்தளத்தில் மெக்டானலைத் திட்டித் தீர்த்தார். அத்தோடு சரி.

அவர் தியாகி இல்லை, அவசரப்பட்டு மாலை போடாதே. இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது என்ற விதியால் சட்டமன்றத்தில் அவர் காலம் முடியப் போகிறது. அடுத்த வருஷம் ஒமாஹா மேயருக்கு நிற்கப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊரின் ஒரே ஓட்டைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, அதே ஊரில் போய் எப்படி ஓட்டுக் கேட்பது? என் வீட்டுக்காரி சொன்னது: "மனசாட்சியும் மேயர் நாற்காலியும் ஒரே திசையில இருந்தா, ஆளு எதைப் பார்த்து நடந்தான்னு யாருக்குத் தெரியும்?" எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது. தேசியத் தலைமை விமானத்தில் வந்து போகிறது. இவர் மளிகைக் கடையில் எங்களைப் பார்த்தாக வேண்டும்.

கட்சி என்று நாம் ஒற்றையில் சொல்கிறோமே, அதுவே இங்கே தப்பு. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கட்சி. இந்த வருஷம் நெப்ராஸ்கா குடியரசுக் கட்சி, தன்னுடைய எம்.பி.க்கள், செனட்டர்கள் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட ஆதரவு தர மறுத்துவிட்டது. ஐந்து பேரும் அதே கட்சி! 2022இல் மாநிலக் கட்சி மாநாட்டில் தீவிர டிரம்ப் ஆதரவாளர்கள் பழைய தலைமையைக் கவிழ்த்ததிலிருந்து இந்தக் கூத்து. எங்கள் தொகுதி எம்.பி. டான் பேகனுக்கு எதிராக உட்கட்சித் தேர்தலில் வேறொருவரை மாநிலக் கட்சியே ஆதரித்தது. பேகன் ஜெயித்தார். நவம்பர் 5ஆம் தேதி திரும்பவும் ஜெயித்தார், இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். அதே நாள் அதே தொகுதியில் கமலா நாலரை சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே சீட்டில் மேலே நீலம், கீழே சிவப்பு என்று குத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் என் ஊரில் நடமாடுகிறார்கள். நான் கடையில் பார்க்கிற ஒவ்வொருவரையும் "நீயா?" என்று சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

டான் ஆஸ்பர்ன் கதை இன்னும் விசேஷம். 2021இல் இங்கே கெலாக்ஸ் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய மெக்கானிக். சுயேச்சையாக வாஷிங்டன் செனட்டுக்கு நின்றார். ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. அவர்கள் ஆதரவும் வேண்டாம் என்றுவிட்டார். தோற்றார்தான், ஆனால் டிரம்ப் 20 சதவீதம் முந்திய மாநிலத்தில் குடியரசுக் கட்சி செனட்டர் டெப் ஃபிஷரால் ஆறேழு சதவீதம்தான் முந்த முடிந்தது. அதே ஜனங்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பு வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பேர் ஓட்டுப் போட்டார்கள்.

உனக்குப் பிடித்த சங்கதி ஒன்றை மறந்துவிட்டேனே. ஓட்டுச் சீட்டின் பின்பக்கம் வரை நீளும் பட்டியலில் மின்வாரிய இயக்குநர்களும் இருக்கிறார்கள். நெப்ராஸ்காவில் மின்சாரத்தில் தனியார் கம்பெனியே கிடையாது, எல்லாம் பொதுவுடைமை அல்லது கூட்டுறவு. யார் வாரியத்தில் உட்காரலாம் என்று நாங்கள் ஓட்டுப் போடுகிறோம். மன்னார்குடியில் அப்படி வந்தால் நீ எந்த வார்டில் தேறுவாய் என்று யோசித்துப் பார்த்தேன். லைனில் ஏறுகிறவன் என்பதால் உனக்குக் கீழத்தெரு நிச்சயம்.

மகளுக்கு இது முதல் அதிபர் தேர்தல். லிங்கனில் படிக்கிறாள், இங்கிருந்து 80 கிலோமீட்டர். லிங்கன் முதல் தொகுதி, அசைக்க முடியாத சிவப்பு. அங்கே பதிவு செய்தால் அவள் ஓட்டு வெள்ளத்தில் கரைத்த புளி. வீட்டு முகவரியிலேயே வைத்துக்கொண்டு தபால் ஓட்டுப் போட்டாள். யாருக்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவள் அம்மா மட்டும் மூன்று விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்துத் தோற்றாள்.

கடைசியில் அந்த ஒற்றை ஓட்டு எதற்கும் உதவவில்லை. இழுபறி மாநிலங்கள் ஏழும் டிரம்பிடம் போயின. 312க்கு 226. அந்த 226இல் ஒன்று எங்களுடையது. இடப்பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நீல வட்டத்தைப் பிடுங்கவில்லை. ஜனவரியில் சட்டமன்றம் கூடியதும் மறுபடி மூட்டையைக் கட்டப் பார்ப்பார்கள், அதுவரை இருக்கட்டும் என்கிறார். டிசம்பர் 17ஆம் தேதி தலைநகர் லிங்கனில் சட்டமன்றக் கட்டடத்தில் ஐந்து பேர் கூடி அந்த ஐந்து ஓட்டையும் போடுவார்கள். நாலு ஒரு பக்கம், ஒன்று இன்னொரு பக்கம். மகளை லீவுக்கு அழைத்து வர எப்படியும் அந்த வாரம் போகிறேன், முடிந்தால் எட்டிப் பார்க்க நினைக்கிறேன்.

இங்கே குளிர் பிடித்துக்கொண்டது. என் முட்டிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், மாடிப்படி பரவாயில்லை. சின்னவள் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று? திருவாரூர் இடம் நல்ல இடம் என்று அம்மா சொன்னாள், ஜாதகம் பார்த்து இழுத்தடிக்காதே.

அப்புறம், அந்த ரைஸ் மில் சுவர் இன்னும் நிற்கிறதா? அந்தப் பக்கம் போனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
காக்காய் வரைந்தவன்