நீ பேசாம உக்காந்திருந்தது தப்பில்லடா சூசை

அன்புள்ள சூசைக்கு,

ஊருக்கெல்லாம் நீ ஃபாதர், எனக்கு என்னைக்கும் சாமியாருக்கு படிக்கிற செமினரில பக்கத்து கட்டில்ல குறட்டை விட்ட சூசை தான், அதனால டா போட்டு தான் எழுதுவேன் கோச்சுக்காத. உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு. லேட்டுக்கு மூட்டு வலிய சாக்கு சொல்லலாம், வலி உண்மை தான், ஆனா நீ எழுதுன அந்த ஒரு வரிக்கு என்ன பதில் போடறதுன்னு தெரியாம தான் தள்ளிக்கிட்டே வந்தேன். ஆஸ்பத்திரி சாப்ளினா, அதான் நோயாளிங்கள பாத்து தேத்தற சாமியாரா, போட்டு எட்டு மாசம் ஆச்சு, ஐசியூல ஒருத்தர் பக்கத்துல உக்காந்தா வாயில வார்த்தையே வரமாட்டேங்குது, நான் எதுக்கு இங்க இருக்கேன்னே புரியலன்னு எழுதியிருந்தியே அது. பங்குல இருந்தப்ப மைக் கைக்கு வந்தா விடமாட்டியேடா, நீயா இப்படின்னு இருந்துச்சு எனக்கு.

போன வாரம் தூக்கம் வராம டேப்லட்ட நோண்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு சாமியார் கதை கண்ணுல பட்டுச்சு. வின்சென்ட் கப்போடானோ. நம்ம செமினரில இவர பத்தி யாரும் சொன்னதா ஞாபகம் இல்ல, இல்ல சொன்னப்ப நான் தூங்கியிருப்பேன். நியூயார்க்ல ஸ்டேட்டன் தீவு, 1929 பிப்ரவரில பொறந்தவரு, இத்தாலிய குடும்பம், பத்து புள்ளைங்கள்ல கடைக்குட்டி. அவரோட பத்தாவது பொறந்தநாள் அன்னைக்கே அப்பா செத்துட்டாராம், அதுக்கப்புறம் ஒவ்வொரு பொறந்தநாளும் அந்த வீட்ல எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு பாரு. ஸ்கூல் முடிச்சு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளார்க் வேலை, ராத்திரில காலேஜ் கிளாஸ், அப்புறம் 1949ல மேரிநோல் சபைல சேர்றாரு. அமெரிக்காவுல இருந்து வெளிநாட்டுக்கு மிஷனரிகள அனுப்பறதுக்குன்னே 1911ல ஆரம்பிச்ச சபை அது. 1958 ஜூன்ல குருப்பட்டம், நேரா தைவான்.

நீ கவனிக்க வேண்டியது இந்த தைவான் கதைய தான். அவர அனுப்புனது மலைப்பக்கம், ஹக்கா மக்கள் கிட்ட. ஹக்கா மொழி அவருக்கு லேசுல பிடிபடல, ரொம்ப கஷ்டப்பட்டிருக்காரு. சொல்லோட சுரம் கொஞ்சம் மாறுனா அர்த்தமே மாறிப்போற மொழி, முப்பது வயசுல உக்காந்து படிக்கணும், அதுல பாவசங்கீர்த்தனம் கேக்கணும், பிரசங்கம் வைக்கணும். லத்தீன் பரிச்சைக்கே நாம பட்ட பாடு தெரியுமில்ல. எதிர்ல உள்ளவன் துக்கத்த சொல்றான், இவருக்கு பாதி தான் புரியுது, புரிஞ்சதுக்கும் பதில் சொல்ல வார்த்தை இல்ல, ஆனாலும் எழுந்து போக முடியாதே, உக்காந்து கேட்டுத்தான ஆகணும். அப்படி வருஷக்கணக்குல உக்காந்தது தான் பின்னாடி வியட்நாம் போர்ல அவருக்கு கைகொடுத்துச்சுன்னு நான் நெனக்கிறேன். யாரும் இப்படி எழுதி நான் படிக்கல, இது என் கணக்கு.

1965ல அவர ஹாங்காங்குக்கு மாத்திட்டாங்க. அவருக்கு இஷ்டமில்ல, தைவானுக்கே திரும்ப அனுப்புங்கன்னு கேட்டாரு, மேலிடம் ஒத்துக்கல. (மேலிடம்னா எல்லா சபைலயும் ஒரே மாதிரி தான் போல, நீயும் உன் மாற்றல் ஆர்டர் வந்தப்ப பொலம்புனியே.) அப்ப தான் நேவி சாப்ளினா போறேன்னு கேட்டு, அந்த வருஷ டிசம்பர் கடைசில லெப்டினன்ட் ஆனாரு. அடுத்த வருஷம் பரிசுத்த வாரத்துல வியட்நாம்ல இறங்குறாரு, மரைன் படைகூட.

சாப்ளின்னா ஆபீசர் ரேங்க், ஆனா ஆயுதம் தூக்க கூடாது. ஆபீசர்ங்க கூட சாப்பிட்டு தனியா படுத்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இவரு சாதா சிப்பாய்ங்க கூடவே சாப்பிட்டு, அவனுங்க பதுங்கு குழிலயே படுத்து, அவனுங்க ரோந்து போனா கூடவே போயிருக்காரு. அங்க காலாட்படை பசங்கள கிரன்ட்னு சொல்வாங்களாம், பாத்ரேன்னா சாமியார், அதனால இவருக்கு கிரன்ட் பாத்ரேன்னு பட்டப்பேரு. பையில புனித கிறிஸ்தோபர் சுரூபம் வச்சிருந்து குடுப்பாராம், சிகரெட்டும் குடுப்பாராம். செத்துப்போன பசங்க வீட்டுக்கு இவரே லெட்டர் எழுதுவாரு. திரும்பி வந்த மரைன்கள் இவர பத்தி சொன்னதுல பிரசங்கம் பத்தின பேச்சு ரொம்ப கம்மிடா, வந்தாரு, பக்கத்துல உக்காந்தாரு, நான் பேசுனத கேட்டாரு, இவ்வளவு தான் மறுபடி மறுபடி வருது. அத படிச்சப்ப தான் உன் லெட்டருக்கு பதில் கெடச்ச மாதிரி இருந்துச்சு.

ஒரு வருஷ டியூட்டி முடிஞ்சதும் கிளம்பியிருக்கலாம். இவரு இன்னும் ஆறு மாசம் இருக்கேன்னு கேட்டு வாங்குனாரு. 1967 செப்டம்பர் 4, க்வே சோன் பள்ளத்தாக்கு. ஐந்தாவது மரைன் ரெஜிமென்ட்ல ஒரு பிளாட்டூன், அதான் சின்ன படைப்பிரிவு, அழிஞ்சுபோற நிலைமைல மாட்டிக்கிச்சுன்னு ரேடியோல வருது, இவரு கம்பெனி கமாண்ட் போஸ்ட்ட விட்டு திறந்த வெளில ஓடுறாரு. போய் ஒவ்வொருத்தனா பாத்து, சாகப்போறவனுக்கு கடைசி ஆசீர் குடுத்து, அடிபட்டவன தேத்தி. மார்ட்டர் குண்டு வெடிச்சு கை காலெல்லாம் காயம், வலது கைல ஒரு பகுதியே போயிடுச்சு. மருந்து போட வந்தவங்கள வேண்டாம்னு சொல்லிட்டு மத்தவங்கள போய் பாருங்கன்னு அனுப்பிருக்காரு. கொஞ்ச தூரத்துல ஒரு கார்ப்ஸ்மேன், அதான் நேவில காயத்துக்கு கட்டு போடற ஆள், அடிபட்டு கெடக்கான், அங்கேர்ந்து 15 கஜத்துல எதிரியோட மெஷின் கன். அவன் கிட்ட ஓடுறாரு, எட்டுறதுக்கு சில அங்குலம் இருக்கும்போது சுட்டுட்டாங்க. வயசு 38.

அமெரிக்க ராணுவத்தோட பெரிய விருதான மெடல் ஆஃப் ஆனர் 1969 ஜனவரில குடுத்தாங்க. அவர் பேர்ல ஒரு போர்க்கப்பல் கூட விட்டாங்க, சுரூபம் குடுத்துக்கிட்டு திரிஞ்சவரு பேர்ல பீரங்கி வச்ச கப்பல், பின்னாடி அத துருக்கிக்கு குடுத்துட்டாங்க. எனக்கு அதுல சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. 2006ல இறை ஊழியர்னு அறிவிச்சாங்க, புனிதர் பட்டத்துக்கு முதல் படி அது. 2022ல ரோம்ல இறையியல் ஆலோசகர்கள் குழு இந்த கேஸ நிறுத்தி வைக்கலாம்னு கருத்து சொல்லிருக்கு. போர்ல செத்த ராணுவ சாமியாருக்கு புனிதர் பட்டம் குடுக்கறதுல தயக்கம் ஒண்ணு, தன் தோற்றத்துல ரொம்ப அக்கறை காட்டுனாருன்னு கூட ஒரு குறை. இதென்னடா குறை, ஷூவுக்கு பாலிஷ் போட்டா மோட்சம் கிடையாதா. ஆனா போர் விஷயம் எனக்கும் முள்ளு மாதிரி தான் இருக்கு. அந்த யுத்தம் சரின்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல, யூனிஃபார்ம் போட்ட சாமியார் அதுக்கு ஆசீர்வாதம் பண்ண மாதிரி ஆகிடாதான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. அதே சமயம் பத்தொம்போது வயசு பையன் சேத்துல கெடந்து அம்மான்னு கத்துறப்ப, யுத்தம் தப்புன்னு சொல்லிட்டு சாமியார் வீட்லயே இருந்திருக்கணுமான்னு கேட்டா அதுக்கும் ஆமான்னு சொல்ல முடியல. நீ என்ன நெனக்கிற, எழுது. இந்த விஷயத்துல உன்கூட ஒரு சண்டை போட ஆசையா இருக்கு, நம்ம சண்டை போட்டு ரொம்ப நாளாச்சு.

நீ எழுதுன அந்த பெரியவர், மகன் வர்ற வரைக்கும் நாலு மணிநேரம் கைய புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு ஜெபம் கூட ஒழுங்கா சொல்லல, நற்கருணை கூட குடுக்க முடியலன்னு வருத்தப்பட்டியே. நாலு மணிநேரம்டா சூசை. செமினரில ஞான ஒடுக்கத்துல நாப்பது நிமிஷம் அமைதியா உக்கார முடியாம ரெண்டு பேரும் பின்வாசல் வழியா ஓடிட்டோமே, ரெக்டர் கிட்ட நீ தான் மாட்டுன. அப்ப ஓடுனவன் இப்ப நாலு மணிநேரம் உக்காந்திருக்கான். நான் பாதில செமினரிய விட்டுட்டு வந்தவன், உனக்கு புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்ல, ஆனா அத படிச்சப்ப பொறாமையா இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன்.

அந்த பெரியவர் என்ன ஆனாரு? மகன் வந்து சேர்ந்தானா இல்லையா, அத எழுதாம லெட்டர முடிச்சுட்ட. எனக்கு மூட்டுக்கு ஆபரேஷன் தேதி அடுத்த மாசம், பொண்ணு கூட வர்றா, பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றாரு, பயமா தான் இருக்கு. உனக்கு லீவு கெடச்சா வா. வந்து பேசணும்னு கூட இல்ல.

உன் பழைய கட்டில் பக்கத்து ஆளு,
அந்தோணி