முன்பக்கம் ஊளையிட்டால் முதலில் எண்ணெயைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரேக், டயர், வைப்பர், முகப்பு விளக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள், நல்லது. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் வால்பாறைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம், எங்கள் வண்டிகளில் முன் டிப்ரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது (எஞ்சினின் இழுவையை இரண்டு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி), அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அது கெட்டுப்போனால் கண்டுபிடிக்கத் தெரியாமல் பட்டறை பட்டறையாக அலைந்து பணத்தைக் கொட்டியவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் பழைய வண்டி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன மழை முடிந்த கொஞ்ச நாளில் முன்பக்கமிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவது போல ஒரு ஊளை, ஐம்பதைத் தாண்டினால் கேட்கும், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் ஏறும். கீழே பட்டறைக்குக் கொண்டுபோனேன். வண்டியைத் தொடாமலே "வீல் பேரிங்" என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த இடத்தில் டயர் சத்தம் என்று சொல்லி முன் டயர் இரண்டையும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பக்க ஆக்ஸிலை, அதாவது சக்கரத்தைச் சுற்ற வைக்கிற தண்டை, மாற்றினார்கள். மொத்தம் 38,000 ரூபாய். மூன்று இடத்திலும் ஒருவர் கூட என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவில்லை, இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் மேலேயே, எஸ்டேட் ஜீப்புகளிலும் லாரிகளிலும் காலம் முழுக்க வேலை செய்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "ஓட்டுங்க தம்பி" என்றார். நேர் ரோட்டில் அறுபது வந்ததும் "இப்போ காலை எடுங்க" என்றார். எடுத்தேன், ஊளை கத்தியால் அறுத்தது போல நின்றது. "மிதிங்க." உடனே திரும்ப வந்தது. அடுத்து ரோடு காலியாக இருந்த இடத்தில் அதே வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக இடது பக்கம், வலது பக்கம் ஆட்டச் சொன்னார், சத்தத்தில் மாற்றமே இல்லை. வீல் பேரிங் என்றால் வண்டியின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சத்தம் கூடும், காலை எடுத்தாலும் நிற்காது. டயர் என்றால் தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறும். ஆக்ஸில் ஜாயின்ட் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது டக் டக் என்று அடிக்கும். இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்தால் அடங்குகிறது என்றால் டிப்ரன்ஷியலுக்குள் பல் கோத்துச் சுற்றுகிற கிரௌன் என்ற பெரிய பல்சக்கரம், பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் பக்கம்தான் முதலில் சந்தேகப்படணும். இதை அவர் எனக்குச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

பிறகு வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தினார். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கியர் போட்டுப் பார்க்கவே கூடாது, பின் சக்கரமும் இழுக்கிற வண்டி, ஸ்டாண்டை விட்டுக் குதித்துவிடும். மூன்றாவது பட்டறையில் அப்படித்தான் செய்யப் போனார்கள், நான்தான் தடுத்தேன். அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டிப்ரன்ஷியல் கூட்டில் பினியன் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். கரகரவென்று மணல் அரைபடுவது போல இருந்தது.

எண்ணெயை இறக்குவதற்கு முன் ஊற்றுகிற பக்கத்து பிளக்கைத் தளர்த்தினார். இறக்கின பிறகு அது திறக்காமல் போனால் வண்டி அப்படியே நின்றுவிடும், வீட்டில் நாமே செய்பவர்கள் இதைக் கட்டாயம் ஞாபகம் வைக்கணும். கீழ் பிளக்கைக் கழற்றியதும் வந்ததைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. கியர் ஆயில் தேன் நிறத்தில் இருக்கணும், பழசானால் கறுக்கும். இது பால் கூடுதலாக ஊற்றிய டீ மாதிரி வந்தது, வெயிலில் பிடித்தால் உள்ளே வெள்ளித்தூள் மின்னியது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் பிளக்கில் வெட்டிப்போட்ட நகத்துணுக்கு போல மூன்று இரும்புச் செதில்கள் ஒட்டியிருந்தன.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? டிப்ரன்ஷியலுக்கு மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு, பிரீதர் என்பார்கள். என் வண்டியில் அந்த ரப்பர் குழாய் வெடித்துக் கிடந்தது. ஓடிச் சூடான கூட்டை அப்படியே ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெடிப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். குழாய் சேறு அடைத்திருந்தால் வேறு கதை, உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாக எண்ணெய் கசியும். எங்கள் எஸ்டேட் ரோடுகளில் மழையில் ஓடையைத் தாண்டாமல் போகவே முடியாது.

பிரித்துப் பார்த்தபோது பினியன் பேரிங் உருளைகள் அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தன, அந்த ஆட்டத்தில் பல்லும் தேய்ந்துவிட்டது. கிரௌனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற முடியும், மாற்றி, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, டயல் கேஜ் என்ற அளவுமானியில் பல் இடைவெளி பார்த்து முடிக்க 54,000 ரூபாய் ஆனது. நல்ல ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் என் வண்டிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும், மழை முடிந்ததும் மாற்றியிருந்தால் ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

டயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னே இரண்டு புதுசு, பின்னே இரண்டு தேய்ந்தது என்று இந்த வண்டிகளில் போடவே கூடாது. சுற்றளவு வேறானால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்க நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அதை ஓய்வில்லாமல் தாங்கிச் சூடாகும். எனக்கு டயர் மாற்றிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை, பிறகு பின்னாலும் இரண்டு புதுசு போட வேண்டியதாயிற்று.

இது செலவோடு போகிற விஷயம் இல்லை ஐயா. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பேரிங் உடைந்து துண்டு பல்லுக்கு நடுவில் சிக்கினால் முன் சக்கரங்கள் இறுகி ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காமல் போகலாம். ஆழியாறைப் பார்த்தபடி இறங்கும்போது, ஒன்பதாவது வளைவில், குழந்தைகள் பின் சீட்டில் இருக்க, நான் அந்த ஊளையோடு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

பட்டறைக்காரர்களிடம் கேட்பது இதுதான்: பாகத்தை மாற்றுவதற்கு முன் வாடிக்கையாளரோடு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், பிளக்கைக் கழற்றி எண்ணெயை அவர் கண்ணில் காட்டுங்கள், கழற்றிய பழைய பாகத்தை அவர் கையில் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பாருங்கள். எஞ்சின் குறுக்கே இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் முன் டிப்ரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், நெடுக்கே இருந்தால் பல வண்டிகளில் தனிக் கூடு, தனி எண்ணெய். தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஜூன் மாதம் மழை பிடிப்பதற்கு முன் விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து, இதைப் படங்களோடு அரைப்பக்கமாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
வால்பாறை.